ஓமும் வாட்டும் ஒத்துப்போதல்: கார் ஒலிக்கருவி வாங்குவோர்க்கு ஒரு பாடம்

உழைத்துச் சேர்த்த பணம் கைவிட்டுப் போகும் வழிகள் பல. பொருளின் இயல்பை அறியாமல், அதன் தோற்றத்தையும் அதன்மேல் அச்சிடப்பட்ட எண்ணையும் கண்டு மயங்கி வாங்குவது அவற்றுள் ஒன்று. நம் தோட்டத்து இளைஞர்களில் பலர் இந்நாளில் பழைய கார் ஒன்றையோ வேன் ஒன்றையோ சொந்தமாக வைத்திருக்கின்றனர். அதில் நல்ல பாட்டுக் கேட்க வேண்டும் என்னும் ஆவல் அவர்களுக்கு இருப்பது இயற்கையே. உறுமியின் முழக்கத்தையும் தவிலின் அடியொலியையும் கேட்டு வளர்ந்த செவிக்கு, காரோடு வந்த சிறிய ஸ்பீக்கரின் கீச்சொலி நிறைவு தருவதில்லை. ஆகவே ஆம்பிளிபையரும் சப்வூபரும் வாங்க முற்படுகின்றனர். இரண்டு மாதச் சேமிப்பு ஒரே நாளில் செலவாகிறது. சில வாரங்களில் ஆம்பிளிபையர் சூடேறி நின்றுவிடுகிறது. அல்லது சப்வூபரிலிருந்து கருகிய நாற்றம் வருகிறது. பொருள் மட்டமானது என்று கடைக்காரரை நொந்துகொள்கிறோம். பெரும்பாலான வேளைகளில் பொருள் மட்டமானதன்று. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு நல்ல பொருள்களைச் சேர்த்து வைத்ததே குற்றம்.

இப்பொருத்தத்தைப் பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். அதனை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

சிராங்கூனும் சந்தையும்

ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றுவரும் இளைஞர்கள் பலருக்குச் சிராங்கூன் சாலை நன்கு அறிமுகமான இடமாகும். தேக்கா சந்தையில் உணவருந்திவிட்டு, சிறிது தூரம் நடந்தால் ஜாலான் புசார் வந்துவிடும். அங்குள்ள சிம் லிம் டவர் கட்டடம், மின்னணு உதிரிப் பாகங்களுக்கும் ஒலிக்கருவிகளுக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அதற்கு அருகே 1987ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிம் லிம் ஸ்குவேர் என்னும் மற்றொரு பெரிய கட்டடமும் உண்டு. பழைய பொருள்களைத் தரையில் விரித்து விற்ற சுங்கை ரோட்டுத் திறந்தவெளிச் சந்தையும் அவ்வட்டாரத்தில்தான் இருந்தது. அச்சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது.

சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்வதற்கு உரிமைச் சான்றிதழ் ஒன்றைத் தனியே ஏலத்தில் எடுக்க வேண்டும். இம்முறை 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அச்சான்றிதழின் காலம் பத்தாண்டுகள். காலம் முடிந்த கார் புதுப்பிக்கப்படாவிட்டால் பதிவிலிருந்து நீக்கப்படும். கார் போனாலும் அதிலிருந்த ஒலிக்கருவி கெடாமல் இருக்கலாம், கழற்றி விற்கப்படலாம். இவ்வாறு கைமாறி வரும் பொருளுக்கு விளக்கப் புத்தகமோ பெட்டியோ இருப்பதில்லை. அதன் முதுகில் ஒட்டியுள்ள சிறு தகடு ஒன்றே நமக்கு வழிகாட்டி. அத்தகட்டில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தவர் ஏமாறமாட்டார்.

தண்ணீர்க் குழாய் கற்பிக்கும் பாடம்

உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருப்பதாகக் கொள்வோம். தொட்டியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் உந்தப்படும். மின்சாரத்தில் இவ்வுந்துதலை மின்னழுத்தம் என்கிறோம். அதன் அளவு வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் தடைப்படும் அல்லவா? அத்தடையின் அளவே ஓம். ஸ்பீக்கரைப் பொறுத்தவரை இத்தடையை மின்மறிப்பு என்று நூல்கள் கூறும். கடைவீதியில் ‘நாலு ஓம்’, ‘ரெண்டு ஓம்’ என்றே வழங்குகிறது.

இவ்வளவுக்குப் பெயர் தந்த கியார்க் ஓம், ஜெர்மனி நாட்டில் பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789ஆம் ஆண்டு பிறந்தவர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்து, 1827ஆம் ஆண்டு தம் கண்டுபிடிப்பை நூலாக வெளியிட்டார். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும் என்பதே அவர் கண்ட விதி. நாம் செய்யப்போகும் கணக்குகள் அனைத்துக்கும் அதுவே அடிப்படை.

இவ்விதியிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஓம் குறையக் குறைய மின்னோட்டம் மிகும். குழாயை அகலமாக்கினால் தண்ணீர் மிகுதியாக ஓடுவது போன்றது அது. ஆம்பிளிபையர் 24 வோல்ட் தருகிறது எனக் கொள்வோம். அதனோடு 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் 6 ஆம்பியர் ஓடும். 2 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் 12 ஆம்பியர் ஓடும். 1 ஓம் என்றால் 24 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்னும் ஆற்றல் அளவு கிடைக்கும். ஆகவே மேற்கண்ட மூன்று நிலைகளிலும் ஆற்றல் முறையே 144, 288, 576 வாட் ஆகிறது.

இதைக் கண்டவுடன், “ஓமைக் குறைத்துக்கொண்டே போனால் ஓசை கூடிக்கொண்டே போகுமே!” என்று சிலர் மகிழ்வர். இங்கேதான் இடறல் நேர்கிறது. தொட்டியில் தண்ணீர் அளவோடுதான் உள்ளது. ஆம்பிளிபையரின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் இவ்வளவு ஓட்டத்தைத்தான் தாங்கும் என்னும் எல்லை உண்டு. பால்மரத்தை அளவறிந்து சீவினால் பல்லாண்டு பால் தரும். பேராசையால் மிகையாகச் சீவினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும் என்பதை நம் தோழர்கள் நன்கறிவர். ஆம்பிளிபையரின் நிலையும் அத்தகையதே. அதன் தகட்டில் ‘குறைந்த அளவு 2 ஓம்’ என்றிருந்தால் அதற்குக் கீழே இறங்குதல் கூடாது. இறங்கினால் பாதுகாப்பு விளக்கு எரிந்து தானே நின்றுவிடும். பாதுகாப்பு அமைப்பு சரியில்லாதிருந்தால் கருகிப்போகும்.

வாட் என்னும் மயக்கு

பெட்டியின்மேல் ‘1500 வாட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். அது ஒரு கணப்பொழுது எட்டக்கூடிய உச்ச அளவாக இருக்கலாம். சில வேளைகளில் வெறும் விளம்பரமாகவும் இருக்கலாம். நாம் பார்க்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்.’ என்னும் மூன்றெழுத்துக்கு அருகே உள்ள எண்ணை. இடைவிடாமல் தரக்கூடிய அல்லது தாங்கக்கூடிய ஆற்றல் அதுவே. ஓர் ஆள் ஒரே மூச்சில் நூறு கிலோ மூட்டையைத் தூக்கிவிடலாம். அதற்காக நாள் முழுவதும் அவர் அதனைச் சுமப்பார் என்று கொள்ளலாமா? காண்டாவில் இரு வாளிப் பாலைச் சுமந்து நாள்தோறும் ஸ்டோருக்கு நடப்பதுதான் ஆர்.எம்.எஸ்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். காரோடு பொருத்தப்படும் வானொலிப் பெட்டிகள் பலவற்றில் ‘50 வாட், 4 வழி’ என்று எழுதியிருக்கும். என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். அழுத்தத்தை உயர்த்தும் தனி அமைப்பு இல்லாத பெட்டியில், இவ்வழுத்தத்தைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவின்றி அனுப்பக்கூடிய ஆற்றல் கணக்குப்படி 26 வாட்டைத் தாண்டாது. உள்ளே வீணாவது கழிய, 20 வாட் அளவே மிஞ்சும். தனி ஆம்பிளிபையர் ஏன் தேவைப்படுகிறது என்பதும் இதனால் விளங்கும். அது காரின் 14 வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொண்டு வேலை செய்கிறது.

அமெரிக்காவின் நுகர்வோர் தொழில்நுட்பச் சங்கம் வகுத்த ‘சி.டி.ஏ. 2006’ என்னும் அளவுமுறை ஒன்றுண்டு. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், சிதைவு 1 விழுக்காட்டுக்கு மேற்படாமல் அளந்த எண்ணையே அதன்படி குறிக்க வேண்டும். தகட்டில் இக்குறிப்பு இருப்பின் அந்த எண்ணை நம்பலாம். இல்லையேல் ஆம்பிளிபையரில் உள்ள பியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் பியூஸ் கொண்ட கருவி, 14 வோல்ட்டில் உள்ளே வாங்கக்கூடியது ஏறத்தாழ 420 வாட்டே ஆகும். உள்ளே 420 வாங்கும் கருவி வெளியே 1500 வாட்டை இடைவிடாமல் தருமென்றால் அதனை எவ்வாறு நம்புவது? கடைக்காரர் சொல்லும் எண்ணைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

தொடரிணைப்பும் பக்க இணைப்பும்

சப்வூபர் என்பது உறுமி, தவில், பறை ஆகியவற்றின் அடியொலி போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கென அமைந்த பெரிய ஸ்பீக்கர். வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 100 அதிர்வு வரையிலான ஒலிகளே அதன் பங்கு. அதன் நடுவில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று காந்தத்தின் இடுக்கில் அசைகிறது. இத்தகைய அசையும் சுருள் ஸ்பீக்கரை ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925ஆம் ஆண்டு செம்மையாக்கி வெளியிட்டனர். இன்றைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

சில சப்வூபர்களில் ஒரு சுருளும், சிலவற்றில் இரண்டு சுருள்களும் இருக்கும். இரட்டைச் சுருள் உள்ளதை நாம் இருவகையாக இணைக்கலாம்.

ஒரு சுருளின் கழித்தல் முனையை மற்றதன் கூட்டல் முனையோடு சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் செல்லுமாறு செய்வது தொடரிணைப்பு. அப்போது ஓம்கள் கூடும். 4 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் 8 ஓம்.

இரண்டு கூட்டல் முனைகளையும் ஒன்றாகவும், இரண்டு கழித்தல் முனைகளையும் ஒன்றாகவும் சேர்ப்பது பக்க இணைப்பு. தண்ணீருக்கு இரண்டு குழாய்கள் திறந்துவிடுவது போன்றது இது. அப்போது ஓம் பாதியாகும். இரண்டு 4 ஓம் சுருள்கள் 2 ஓம் ஆகும். இரண்டு 2 ஓம் சுருள்கள் 1 ஓம் ஆகும்.

முனைகளை மாற்றி இணைப்பதும் பெருந்தவறு. ஒரு சுருள் முன்னோக்கித் தள்ள, மற்றது பின்னோக்கி இழுக்கும். இரண்டு ஆள்கள் ஒரே மரக்கட்டையை எதிரெதிரே தள்ளினால் கட்டை நகருமா? ஓசை வராது; சுருள் மட்டும் சூடேறும்.

இரு வழி ஆம்பிளிபையரின் இரண்டு வழிகளையும் ஒன்றாக்கி ஒரே சப்வூபரை இயக்கும் முறையைப் ‘பிரிட்ஜ்’ என்பர். இம்முறையில் ஒவ்வொரு வழியும் சப்வூபரின் பாதி ஓமையே உணரும். 4 ஓம் சப்வூபரை இவ்வாறு இணைத்தால் ஒவ்வொரு வழிக்கும் அது 2 ஓம் போலத் தோன்றும். ஆகவே, பிரிட்ஜ் முறைக்கு எத்தனை ஓம் வரை இடம் உண்டு என்பதைத் தகட்டில் தனியே பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது சப்வூபர் வாங்கலாமா?

ஓர் இளைஞரிடம் ஓர் ஆம்பிளிபையர் உள்ளது என்போம். அது 4 ஓமில் 170 வாட்டும், 2 ஓமில் 300 வாட்டும் தரும். 2 ஓமுக்குக் கீழே செல்லலாகாது. அவர் 300 வாட் ஆர்.எம்.எஸ். தாங்கும், இரட்டை 4 ஓம் சுருள் கொண்ட சப்வூபர் ஒன்றை வாங்கிப் பக்க இணைப்பில் பொருத்துகிறார். 2 ஓம் ஆகிறது. 300 வாட் கிடைக்கிறது. பொருத்தம் முழுமையானது. கருவிகள் பல்லாண்டு உழைக்கும்.

ஒரு நண்பர் வந்து, “இன்னொன்று வாங்கிப் போடு; ஓசை இரட்டிப்பாகும்” என்கிறார். அதே வகையில் இன்னொன்றை வாங்கினால் என்ன நேரும்? இப்போது நான்கு 4 ஓம் சுருள்கள் உள்ளன. அனைத்தையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 1 ஓம். ஆம்பிளிபையர் தாங்காது. ஒவ்வொரு சப்வூபரின் இரு சுருள்களையும் தொடராக்கி, பிறகு இரண்டு சப்வூபர்களையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகும். அப்போது ஆம்பிளிபையர் 170 வாட்தான் தரும். ஒவ்வொன்றுக்கும் 85 வாட்டே சேரும். இரண்டு கூம்புகள் சேர்ந்து காற்றைத் தள்ளுவதால் வரும் ஆதாயமும், வாட் குறைந்ததால் வரும் இழப்பும் ஏறத்தாழ ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பணம் இரட்டிப்பானது, ஓசை அப்படியே நிற்கிறது.

தொடக்கத்திலேயே இரட்டை 2 ஓம் சுருள் கொண்ட இரண்டு சப்வூபர்களைத் தேர்ந்திருந்தால், ஒவ்வொன்றையும் தொடராக்கி 4 ஓம் செய்து, இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்து 2 ஓம் பெறலாம். முழு 300 வாட்டும் கிடைத்து, ஒவ்வொன்றுக்கும் 150 வாட் சேரும். ஆகவே எத்தனை சப்வூபர் என்பதை முதலிலேயே முடிவு செய்து, இணைப்பை ஒரு தாளில் வரைந்து, இறுதி ஓமைக் கணக்கிட்டுக்கொண்ட பிறகே கடைக்குச் செல்ல வேண்டும்.

இன்னொரு செய்தியையும் மனத்தில் கொள்வோம். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஓசை இரட்டிப்பாவதில்லை. 3 டெசிபெல் மட்டுமே கூடும். நம் செவிக்கு ஓசை இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். 300 வாட் கருவியை விற்றுவிட்டு 600 வாட் கருவி வாங்குவோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

சிறிய ஆம்பிளிபையரும் சப்வூபரை எரிக்கும்

“சிறிய ஆம்பிளிபையர் பெரிய சப்வூபரை என்ன செய்துவிடும்?” என்று கேட்போர் உண்டு. ஆம்பிளிபையரின் எல்லைக்கு மேல் ஒலியைக் கூட்டினால், அலையின் மேடும் பள்ளமும் வெட்டப்பட்டுச் சதுரம் போலாகிவிடும். ஒரே உயரமுள்ள சீரான அலையைவிடச் சதுர அலை இரு மடங்கு ஆற்றலைச் சுருளுக்குள் செலுத்துகிறது. 150 வாட் ஆம்பிளிபையர் இவ்வாறு ஏறத்தாழ 300 வாட் வெப்பத்தைச் சுருளில் ஏற்றிவிடக்கூடும். 200 வாட் தாங்கும் சப்வூபர் அதனால் கருகும். ஆகவே சப்வூபரின் ஆர்.எம்.எஸ். எண்ணுக்கு இணையான ஆம்பிளிபையரைத் தேர்வதே சிறப்பு. சிறிது மிகுதியாக இருந்தாலும் கேடில்லை, அளவாகத் திறந்துகொள்ளலாம். ஒலி கரகரத்து உடைவது போலக் கேட்டால், அது உடனே ஒலியைக் குறைக்குமாறு கருவி விடுக்கும் எச்சரிக்கை என்று கொள்க.

அளவாகத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. சிறிய மல்ட்டிமீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர்க் கம்பிகளை ஆம்பிளிபையரிலிருந்து கழற்றிவிடுங்கள். வானொலிப் பெட்டியில் ஒலியை முக்கால் பங்கு வையுங்கள். அடியொலி கூட்டும் பொத்தான்கள் அனைத்தையும் நடுநிலையில் வையுங்கள். வினாடிக்கு 50 அதிர்வுள்ள சோதனை ஒலியை ஓடவிடுங்கள். மீட்டரை மாறுமின்னழுத்தத்தில் வைத்து ஆம்பிளிபையரின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்து, ‘கெயின்’ திருகை மெல்ல ஏற்றுங்கள். எந்த எண்ணில் நிறுத்த வேண்டும்? வாட்டை ஓமால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைக் காண வேண்டும். 300 வாட், 2 ஓம் எனில் பெருக்குத்தொகை 600. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 24.5. மீட்டர் 24.5 வோல்ட் காட்டியதும் நிறுத்திவிடுங்கள். அத்திருகை அதன்பின் தொட வேண்டியதில்லை.

பேட்டரி, கம்பி, பியூஸ்

வெளியே வரும் 300 வாட்டுக்கு உள்ளே எவ்வளவு வேண்டும்? இக்காலத்து ‘டி’ வகை ஆம்பிளிபையர் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை ஒலிக்குத் தருகிறது, எஞ்சியது வெப்பமாகும். ஆகவே 375 வாட் தேவை. பேட்டரி 12.5 வோல்ட்டில் இருந்தால் 30 ஆம்பியர் ஓட வேண்டும். பழைய ‘ஏ.பி.’ வகையாயின் இதைவிட மிகுதி. காரின் ஆல்டர்னேட்டரின்மேல் அது எத்தனை ஆம்பியர் தரும் என்பது பொறிக்கப்பட்டிருக்கும். விளக்கு, குளிர்சாதனம் ஆகியவற்றின் தேவை போக மிச்சம் உள்ளதா எனப் பாருங்கள்.

கம்பியில்தான் தீ பிறக்கிறது என்பதை மறத்தலாகாது. வீட்டுச் சுவரில் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 5 மீட்டர் நீளத்துக்குப் போட்டு 30 ஆம்பியர் செலுத்தினால், அக்கம்பியிலேயே 1 வோல்ட் வீணாகும். 30 வாட் வெப்பம் அதில் உண்டாகும். கம்பளத்தின் கீழ் காற்றோட்டமின்றிக் கிடக்கும் கம்பிக்கு இது தீங்கானது. 10 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் வீணாவது கால் வோல்ட் அளவே. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பியும் கடைகளில் உண்டு. முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை நிறம் தெரியும். அது செம்பைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். வாங்கினால் இன்னும் தடித்ததாக வாங்க வேண்டும்.

பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் ஒன்றை அவசியம் பொருத்துங்கள். நமது எடுத்துக்காட்டுக்கு 40 ஆம்பியர் தகும். கம்பி உரசித் தோல் கிழிந்து காரின் இரும்பைத் தொட்டால், பியூஸ் எரிந்து காரைக் காக்கும். பியூஸ் எரிந்துவிட்டதென்று அதன் இடத்தில் ஆணியையோ சிகரெட் தாளையோ செருகுவது, வீட்டுக்குக் காவலிருக்கும் நாயைக் கொன்றுவிட்டு உறங்கச் செல்வதற்கு ஒப்பாகும்.

என்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பதற்கும் அளவுண்டு. சராசரியாக 10 ஆம்பியர் இழுக்கும் கருவி, 40 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதியை 2 மணி நேரத்தில் தீர்த்துவிடும். அதற்கு மேல் சென்றால் கார் கிளம்பாமல் போகலாம். மருத்துவமனை தொலைவிலுள்ள தோட்டத்தில், நள்ளிரவில் ஒரு கர்ப்பிணியையோ காய்ச்சல் கண்ட குழந்தையையோ ஏற்றிச் செல்ல அந்தக் காரே லயத்தில் உள்ள ஒரே வாகனமாக இருக்கலாம் அல்லவா?

பழைய பொருள் வாங்குகையில்

விளக்கப் புத்தகமில்லாத சப்வூபரை வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, மீட்டரை ஓம் அளவில் வைத்துச் சுருளின் இரு முனைகளிலும் பிடியுங்கள். 4 ஓம் சுருள் பெரும்பாலும் 3.2 முதல் 3.7 வரை காட்டும். மீட்டர் சிறிதும் அசையாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. இரண்டாவது, கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்து ஒரே சீராக மெல்ல அழுத்துங்கள். உரசும் ஓசை கேட்டால் சுருள் வளைந்துள்ளது. மூன்றாவது, முகர்ந்து பாருங்கள். கருகிய நாற்றம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆம்பிளிபையராயின், ஒலி ஓடவிட்டுக் காட்டச் சொல்லிக் கேட்ட பின்னரே பணம் கொடுங்கள்.

சப்வூபருக்குரிய மரப்பெட்டியும் முக்கியமானது. பெட்டியின் உட்கொள்ளளவு தயாரிப்பாளர் கூறியபடி அமைய வேண்டும். துளையுள்ள பெட்டியில், அத்துளைக்கென அமைந்த அளவினும் தாழ்ந்த ஒலியைப் பெருக்கினால் கூம்பு கட்டுமீறி அசைந்து கிழியும். மூடிய பெட்டி அவ்வளவு எளிதில் கெடாது. முதன்முதலாக வாங்குவோர்க்கு அதுவே ஏற்றது.

காதும் அண்டை வீடும்

எவ்வளவு பொருத்தமான கருவியானாலும் கேட்பவரின் காது ஒன்றே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொழிலிடங்களில் ஒரு தொழிலாளி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் அளவு வரையே இரைச்சலுக்கு உள்ளாகலாம் என விதி செய்யப்பட்டுள்ளது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் காலம் பாதியாகக் குறையும். 88 எனில் 4 மணி நேரம்; 91 எனில் 2 மணி; 94 எனில் 1 மணி; 100 டெசிபெல் எனில் 15 நிமிடமே. சப்வூபர் பொருத்திய மூடிய காருக்குள் 100 டெசிபெல் என்பது எளிதில் எட்டும் அளவு. உட்செவியில் உள்ள நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காரை விட்டு இறங்கிய பிறகும் காதில் ‘ங்’ என்னும் இரைச்சல் ஒலித்தால், அளவு மீறிவிட்டது என்றே பொருள். சிறு குழந்தைகளைப் பின் இருக்கையில் அமர்த்தி ஒலியை உயர்த்துவது அறவே கூடாது.

ஓசைக்கும் ஊருக்கும் உள்ள உறவைச் சிராங்கூன் சாலையிலேயே காணலாம். ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோட்டில் உள்ள ஸ்ரீ தண்டாயுதபாணி கோயில்வரை செல்லும் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிப்பது 1973ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. நெடுங்காலம் பேசிய பிறகு, 2016ஆம் ஆண்டு பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டது. எங்கே, எவ்வளவு என்னும் வரையறை வகுக்கப்பட்டபோதுதான் இசைக்கு மீண்டும் வழி பிறந்தது. நம் லயங்களுக்கும் இது பொருந்தும். விடியுமுன் எழுந்து மரம் சீவச் செல்வோர் இரவு எட்டு, ஒன்பது மணிக்கே உறங்க வேண்டியவர்கள். தாழ்ந்த ஒலி சுவரையும் பலகையையும் ஊடுருவிச் செல்லும் இயல்புடையது. கதவை மூடினாலும் அது நில்லாது. அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்துப் பெறும் இன்பம் நெடுநாள் நீடிப்பதில்லை.

பயிற்சி

இதுவரை கண்டவற்றைக் கொண்டு பின்வரும் மூன்று வினாக்களுக்கு விடை காணுங்கள்.

1. சப்வூபரில் இரட்டை 2 ஓம் சுருள்கள் உள்ளன. ஆம்பிளிபையர் 4 ஓமுக்குக் கீழே செல்லலாகாது. எவ்வாறு இணைப்பது?

2. 250 வாட், 4 ஓம் எனில் கெயின் திருகை எத்தனை வோல்ட்டில் நிறுத்த வேண்டும்?

3. இரு வழி ஆம்பிளிபையரின் ஒவ்வொரு வழியும் 4 ஓம் வரையே தாங்கும். அதனைப் பிரிட்ஜ் முறையில் 4 ஓம் சப்வூபரோடு இணைக்கலாமா?

விடைகள்: முதலாவதற்குத் தொடரிணைப்பே வழி, அப்போது 4 ஓம் கிடைக்கும். இரண்டாவதற்குப் பெருக்குத்தொகை 1000. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 31.6 வோல்ட். மூன்றாவதற்கு, இணைத்தல் கூடாது. ஒவ்வொரு வழியும் 2 ஓமை உணரும். 8 ஓம் சப்வூபரே அதற்குத் தகும்.

மூன்றுக்கும் சரியாக விடை கண்டவர், எக்கடைக்கும் அஞ்சாமல் செல்லலாம். ஒரு தாளில் நான்கே எண்களை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆம்பிளிபையரின் ஆர்.எம்.எஸ். வாட், அது தாங்கும் குறைந்த ஓம், சப்வூபரின் ஆர்.எம்.எஸ். வாட், இணைப்புக்குப் பின் வரும் ஓம். இந்நான்கும் ஒத்துப்போனால் வாங்குங்கள். ஒன்று முரண்பட்டாலும் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்புங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணம் புகையாகிப் போகாமல், நெடுநாள் இனிய இசையாக நம்மோடு இருக்கட்டும்.